ஆறு கால் குதிரை

அக்கா,

காருக்குள் சேணத்துக்குப் பூசும் சவர்க்காரத்தின் வாசம். கண்ணாடியை இறக்கினால் தூறல் உள்ளே வருகிறது, ஏற்றினால் மூச்சடைக்கிறது. பாதி இறக்கி வைத்துவிட்டு, வேலையிடத்துச் சரக்குத் தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதத் தொடங்குகிறேன். உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் வரும் அதே வாசம்தான் இது. ஒரு குதிரையும் இல்லாத வீட்டில் சேணச் சவர்க்காரம் எதற்கு என்று நான் கேட்டபோது, "புத்தகத்தில மூண்டு பக்கத்துக்கொருக்கா வருது. எப்பிடி மணக்கும் எண்டு தெரிய வேண்டாமே?" என்றீர்கள். வாங்கியது வீணாகக் கூடாதென்று அதைக் கொண்டு உங்கள் கைப்பையைத் துடைத்தீர்கள். அந்தக் கைப்பை ஆக்லாந்துக் கோயில் மண்டபம் முழுவதும் மணந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் நான் மறக்கவில்லை.

ரானுயிக்கு அப்பால் ஒரு மேய்ச்சல் நிலத்தின் வேலியோரம் காரை நிறுத்தியிருக்கிறேன். உங்கள் மருமகளுக்கு இன்று முதன்முதலாகத் தடை தாண்டும் போட்டி. என் மகள் மதுராவுக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. ஒன்பது தடைகள். எல்லாவற்றிலும் உயரமானது என் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். காலையில் வந்ததும் நானே நடந்துபோய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒலிபெருக்கியில் நான்காம் இலக்கத்தைக் கூப்பிடுகிறார்கள். மதுராவின் இலக்கம் இருபத்திமூன்று. நுழைவாயிலருகே முதலுதவி வண்டி ஒன்று நிற்கிறது. அதற்குள் இருக்கும் இருவரும் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இப்படி ஆறுதலாக இருப்பது நல்ல அறிகுறியா, பொறுப்பில்லாத்தனமா என்று கால் மணி நேரமாக யோசிக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் உங்கள் புத்தகம் இருக்கிறது. அதற்குள் நீங்கள் எனக்குக் காட்டாமல் வைத்த கடிதம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வேண்டும். ஆனால் சின்ன வயதிலிருந்தே உங்களோடு நேரடியாக எதையும் கதைத்துப் பழகாதவன் நான். சுற்றித்தான் வருவேன்.

உங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் ஓர் அலுமாரி நிறைய இந்தப் புத்தகங்கள் இருந்தன. நாட்டைவிட்டுப் போன ஓர் ஆங்கிலேய ஆசிரியை தன் பிள்ளைகள் படித்து முடித்ததை விட்டுப்போனாராம். எல்லாம் மட்டக்குதிரைக் கதைகள். எழுதியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துப் பெண்கள். சிலர் பள்ளிக்கூட வயதிலேயே எழுதத் தொடங்கியவர்கள், சிலர் சகோதரிகளாகச் சேர்ந்து எழுதியவர்கள். கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒரு பெண்பிள்ளைக்குக் குதிரை வேண்டும், வீட்டில் வசதி இல்லை. யாரோ அடித்துப் பட்டினி போட்ட ஒரு மட்டக்குதிரை அவள் கைக்கு வரும். அவள் அதைத் தேற்றுவாள். கடைசி அத்தியாயத்தில் போட்டியில் முதற்பரிசாகச் சிவப்பு நாடா வாங்குவாள். யாழ்ப்பாணத்து வெயிலில், குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில்கூடக் கண்டிராத நீங்கள், அந்தப் பிள்ளைகளுக்காக மூக்கு உறிஞ்சி அழுதீர்கள்.

எனக்கு அந்தப் புத்தகங்கள் மீது கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அந்த எழுத்தாளர்கள் 'வசதியில்லாத குடும்பம்' என்று எழுதினால், ஏழு அறை வீடும் பழத்தோட்டமும் இருக்கும், குதிரை மட்டும் இராது என்று பொருள். இங்கே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சண்டை பிடித்தேன்.

"இதுகள் ஏழையளோ, அக்கா? சமையல்காரி நிண்டுபோனதுக்கெல்லாம் அழுகுதுகள்."

"அழட்டும். பிறகு வாளி தூக்கினதுகள்தானே. அதைப் பார்."

"வாளி தூக்கினா ஏழையோ?"

"குதிரைக்கு நீ ஆரின்ர பிள்ளை எண்டு தெரியாது, தம்பி. தண்ணி வைச்சியோ இல்லையோ எண்டுதான் தெரியும்."

முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, ஈரத்தில் வெளிறிய விரல்களால் தேநீர் கோப்பையைப் பிடித்தபடி இதைச் சொன்னீர்கள். நான் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தவன். மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் பெட்டிகளின் இலக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், இன்றும் அதுதான் செய்கிறேன். நான் இந்த நாட்டோடு கோபித்துக்கொண்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. உங்களோடு எனக்கிருந்த கோபங்களில் அதுவும் ஒன்று.

எழுதியவர்களைவிடப் படம் கீறியவர்களில்தான் உங்களுக்கு மதிப்பு. எழுத்தாளர் ஒரு புத்தகத்தில் களைத்துப்போனால் அடுத்ததில் எழும்பிவிடலாம், கீறுகிறவர் ஒரு காலைப் பிழையாகப் போட்டால் அது எப்போதும் பிழைதான் என்பீர்கள். ஓவியருக்குக் குதிரை தெரியுமா, அல்லது புகைப்படத்தைப் பார்த்து ஒப்பேற்றினாரா என்று பின்னங்கால் மடிப்பைப் பார்த்தே சொல்வீர்கள். "இந்த மனுசன் மேசை கீறப் பழகினவர்" என்று ஒருவரைத் தள்ளிவைத்தீர்கள். ஒரேயொரு பெண் ஓவியரை மட்டும் நீங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பக்கத்து இருக்கையில் கிடக்கும் புத்தகத்தில் படம் கீறியவர் அவர்தான்.

அந்தப் படம் எனக்கும் மனப்பாடம். முழுப்பக்கப் படம். கதைநாயகி முதன்முதலாகப் போட்டிக்குப் போகிறாள். ஒரு கால் அங்கவடியில், கால் வைத்து ஏறும் அந்த இரும்பு வளையத்துக்குள். ஒரு கை பிடரி மயிரில். மற்றக் கால் நிலத்தைவிட்டு எழும்பப்போகிறது. குதிரையின் வலப்பக்கத்திலிருந்து ஏறுகிறாள். குதிரையின் வயிற்றுக்குக் கீழே, நான்கு கால்களுக்கு நடுவில், கறுப்பாக இன்னும் இரண்டு.

எனக்கு எட்டு வயதிருக்கும். நீங்கள் பழைய சோதனைத்தாள்களின் பின்பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்துக் கீறிக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா, உங்கட குதிரைக்கு ஆறு கால்."

"தெரியும்."

"சிலந்திக்குத் தம்பியோ?"

"கீறினவவுக்குத் தெரியும், ஏன் கீறினவ எண்டு. உனக்கு விளங்காட்டி, உன்ர யானைக்காதை மூடிக்கொண்டு போ."

அந்த இரண்டு கால்களையும் நீங்கள் விடாமல் கீறினீர்கள். ஒவ்வொரு முறையும் ஆறு. பெயர் தெரியாத ஒரு பெண் ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கீறியதில் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. சைக்கிளில்கூட நீங்கள் வலப்பக்கத்திலிருந்துதான் ஏறுவீர்கள். எல்லாரும் இடப்பக்கம் நின்று ஏற, நீங்கள் மட்டும் மற்றப் பக்கம் போய், ஹாண்டிலை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு ஏறுவீர்கள். ஒழுங்கையில் நின்ற பெடியன்கள் கனைத்துக் காட்டுவார்கள். உங்களுக்கு அது மரியாதையாகவே பட்டது.

ஒன்பதாம் இலக்கம் போய்விட்டது. விழவில்லை. தூறல் சற்றுக் கூடியிருக்கிறது. புல் வழுக்கும். நான் போய்ச் சொன்னால் போட்டியை நிறுத்துவார்களா? நிறுத்த மாட்டார்கள். மழைச் சட்டையும் போடாமல் மூன்று வயதுக் குழந்தைகள் சேற்றில் உட்கார்ந்து சொசேஜ் சாப்பிடுகிறார்கள். இவர்களிடம் என் பயத்தை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

கிளென் ஈடனில் பழைய பொருட்கள் விற்கும் கடையில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்த நாளை நினைக்கிறேன். நான் வெளியே காரில் இருந்தேன். நீங்கள் ஓடிவந்தீர்கள். ஐம்பது வயதுப் பெண், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி, நடுத்தெருவில். முதல் தாளில் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிறுமிக்கு அவளுடைய பெரியம்மா கிறிஸ்மஸ் வாழ்த்து எழுதியிருந்தார். "பார், தம்பி, ஆறு கால்" என்று பக்கத்தை விரித்துக் காட்டினீர்கள். நான் "சீற் பெல்ற்றைப் போடுங்கோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதன் பிறகு மதுராவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினீர்கள். ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழாக்கி, உங்கள் விருப்பத்துக்கு இரண்டு சம்பவங்களையும் கூட்டி. தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, குதிரைக் கதைக்காக மட்டும் உங்களோடு தமிழில் கதைத்தாள். "மாமி, பிறகு? பிறகு என்ன நடந்தது?" அந்தக் கேள்வியை என்னிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒன்பது வயதான ஆண்டு. உங்கள் வீட்டுக்குப் பின்னால், தெருமுடிவில், ஒரு பெண்மணி இரண்டு மட்டக்குதிரைகள் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன். என்னிடம் கேட்காமல் அங்கே கூட்டிப்போனீர்கள். அந்தப் பெண்மணி தலைக்கவசம் போட்டுவிட்டு, படலையைச் சாத்த அந்தப் பக்கம் போன இடைவெளியில், உங்களுக்குப் பொறுக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் காத்திருந்தவர் நீங்கள். பிள்ளையை வலப்பக்கமாகக் கொண்டுபோய், படத்தில் உள்ளபடியே, ஒரு கால் வளையத்தில், ஒரு கை பிடரியில். "அந்தப் பக்கமில்லை" என்று அந்தப் பெண்மணி கத்தியது உங்களுக்குக் கேட்டிருக்கும். அதற்குள் குதிரை வெருண்டு விலகிவிட்டது. மதுராவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

குதிரையில் எப்போதும் இடப்பக்கத்திலிருந்துதான் ஏறுவார்களாம். ஆண்கள் இடுப்பின் இடப்பக்கம் வாள் கட்டிய காலத்து வழக்கம். குதிரைகளையும் அதற்கே பழக்கியிருக்கிறார்கள். மற்றப் பக்கம் யாராவது ஏற முயன்றால், பழகாத குதிரை பயந்துவிடும். உங்கள் புத்தகங்களை எழுதியவர்கள் ஒருவரும் இதை எங்கேயும் விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லை. அவர்களுடைய வாசகருக்குப் பிறப்பிலிருந்தே தெரியும். நாம் வாசிப்போம் என்று அவர்கள் நினைக்கவில்லை, அக்கா. அதைத்தான் நான் எப்போதும் சொன்னேன்.

ஆனால் அன்று மருத்துவமனை நடைபாதையில் நான் சொன்னது அதுவல்ல. நீங்கள் உங்கள் சால்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றீர்கள். "தம்பி, படத்தில அப்பிடித்தான்..." என்று தொடங்கினீர்கள். நான், "பிள்ளை பெறாத ஆக்களுக்கு இது விளங்காது" என்றேன். இரண்டு தாதிகள் கடந்து போனார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது கை கூசுகிறது. சால்வையை விரித்துப் போர்த்திக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தீர்கள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொல்லவில்லை.

பதினொரு மாதம் கதைக்காமல் இருந்தேன். உங்களுக்கு வருத்தம் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். பார்க்க வந்தேன். கட்டிலில் நீங்கள் பாதியாகியிருந்தீர்கள்.

"பிள்ளையின்ர எலும்பு சரியோ?"

"ஓம்."

"இப்பவும் குதிரை ஏறுறாளோ?"

"இல்லை."

"நீ விடேல்லையோ, அவள் விட்டிட்டாளோ?"

"நான் விடேல்லை."

தலையை ஆட்டினீர்கள். பிறகு, மழை விட்டுவிட்டதா என்று கேட்டீர்கள். விடவில்லை என்றேன். அதுதான் நாம் கடைசியாகக் கதைத்தது.

பதினைந்தாம் இலக்கம். ஒரு சிறுமி. நான்காவது தடைக்கு முன்னால் குதிரை சட்டென்று நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. தலைக்கு மேலால் போய் விழுந்தாள். பிஸ்கட் சாப்பிட்டவர்கள் பிஸ்கட்டை வைத்துவிட்டு ஓடினார்கள். என்னால் காரைவிட்டு இறங்க முடியவில்லை, கதவுப் பிடியில் கை வைத்தபடியே இருந்தேன். எழுந்துவிட்டாள். சேறு. அழுகிறாள். அழுகிறபடியே குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுக்கிறாள். அவளுடைய அப்பா வேலிக்கு வெளியே நின்று ஏதோ பகிடி விடுகிறார். இந்த நாட்டு அப்பாக்களுக்கு ஈரல் எதனால் செய்யப்பட்டதோ.

மதுரா ஒருநாளும் விடவில்லை. உங்கள் இறுதிச் சடங்குக்குப் பிறகு ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு என் மனைவி கையெழுத்துப் போட்டு, வகுப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். இரண்டு வருடமாக நான் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிடுவேன், காரைவிட்டு இறங்கமாட்டேன். இப்போது இருப்பதைப்போலத்தான்.

உங்கள் புத்தகப் பெட்டி மூன்று வருடம் எங்கள் கராஜில் கிடந்தது. பிள்ளைக்கென்று எழுதி வைத்திருந்தீர்கள், நான் கொடுக்கவில்லை. போன கிழமை, போட்டிக்கு ராசியாக இருக்கும் என்று, அவள்தான் அந்தப் புத்தகத்தைக் கேட்டாள். "த வன் வித் சிக்ஸ் லெக்ஸ், அப்பா" என்றாள். பெட்டியை வெட்டினேன். சவர்க்கார வாசம் எழும்பியது. புத்தகத்தை எடுத்தபோது அந்தப் பக்கம் தானாகவே திறந்தது, நடுவில் கடிதம் இருந்ததால்.

நடுங்கிய கையெழுத்தில், ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். அந்த ஓவியரே எழுதியது. தொண்ணூறு வயது தாண்டியவர் என்று அவரே சொல்கிறார். பிள்ளை விழுந்த பிறகு நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பதிப்பகம் எப்போதோ மூடிவிட, இந்தக் கதைகளைச் சேர்ப்பவர்கள் இங்கிலாந்தில் நடத்தும் சிறு செய்திமடல் ஒன்றின் வழியாக உங்கள் கடிதம் அவரிடம் போயிருக்கிறது. அவர் எழுதியதை அப்படியே தமிழில் தருகிறேன். நீங்கள் எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள், இருந்தாலும் என் வாயால் ஒருமுறை கேளுங்கள்.

"அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள். நான் அவளை இடப்பக்கத்திலிருந்துதான் ஏற வைத்தேன். வலத் தாளுக்கென்று கீறிய படத்தை இடத் தாளில் போட்டார்கள். குதிரை புத்தகத்துக்கு வெளியே பார்க்கக் கூடாதென்று படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டார்கள். நான் எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

"அந்த இரண்டு கால்கள் அவளுடைய அப்பாவினுடையவை. ஒருவர் ஏறும்போது அவருடைய பாரத்தில் சேணம் சரிந்துவிடும். அதனால் மறுபக்கத்தில் ஒருவர் நின்று, அந்தப் பக்கத்து அங்கவடியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். கதையில் அப்பா குதிரை கூடாது என்பார், போட்டிக்கும் வரமாட்டார். எழுதியவர் அப்படித்தான் முடித்திருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை, நான் அப்பாவைக் கொண்டுவந்து மறுபக்கத்தில் நிறுத்தினேன். எழுதியவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவின் தலையையும் தோளையும் வெள்ளை பூசி அழித்தார்கள். கால்களை அழிக்க மறந்துவிட்டார்கள். இந்தப் படத்தைப் பார்த்து யாரும் அடிபட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்."

கராஜில் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். என்னைப்போலவே, அறுபது ஆண்டுகளாக ஒரு மனக்குறையைப் பத்திரமாக வைத்திருந்த ஒருவர் எனக்கு உலகத்தில் கிடைத்துவிட்டார். பதில் வரவில்லை என்று எழுதிய இடத்தில் பேனையை அழுத்தியிருக்கிறார், தாள் கிழிந்திருக்கிறது.

பிறகு திகதியைப் பார்த்தேன். நான் உங்களைக் கட்டிலில் வந்து பார்த்ததற்கு நான்கு மாதம் முந்திய திகதி.

அப்படியென்றால் அன்று உங்களுக்குத் தெரியும். பிழை உங்களுடையதல்ல என்பதற்கு எழுத்தில் சாட்சி இருந்தது. என் முகத்தில் எறிந்திருக்கலாம். நானாக இருந்தால், கடிதம் வந்த அன்றே நகலெடுத்து உங்கள் தபால்பெட்டியில் போட்டிருப்பேன், கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருப்பேன். நீங்கள் மழை விட்டதா என்று கேட்டீர்கள். ஏன், அக்கா? என்னை வெல்ல விருப்பமில்லையா? அல்லது, வென்றாலும் நான் விளங்கிக்கொள்ளமாட்டேன் என்று நினைத்தீர்களா? இரண்டாவதுதான் என்றால் உங்களோடு எனக்குப் புதிதாக ஒரு கோபம் இருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. கடிதத்தை எடுத்த பிறகுதான் படத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் பென்சில் படவிட மாட்டீர்கள். நான் சின்ன வயதில் ஓர் ஓரத்தில் கிறுக்கியதற்கு மூன்று நாள் கதைக்காமல் இருந்தவர் நீங்கள். அந்தப் படத்தில், சேணத்துக்கு மேலே வெள்ளையாகக் கிடந்த இடத்தில், மெல்லிய பென்சிலால் ஒரு தலையும் தோளும் கீறியிருக்கிறீர்கள். மூக்குக் கண்ணாடி. மேலேறிய நெற்றி. இரண்டு பெரிய காதுகள். ஒரு மனிதருக்கு அவ்வளவு பெரிய காது தேவையே இல்லை.

மதுராவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டாள். "தட்ஸ் யூ" என்றாள். "இல்லை" என்றேன். "அப்பா, இயர்ஸைப் பாருங்கோ" என்றாள்.

இருபதாம் இலக்கம். கண்ணாடியில் தட்டுகிறாள். பிறகு எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது மத்தியானம் இரண்டு மணி. சமையலறை மேசையில் இருந்து மீதியை எழுதுகிறேன்.

கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். தலைக்கவசத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் நின்றாள். ஏறுவதற்கு வைத்திருக்கும் மரப்படியைச் சுற்றிச் சேறு, அதற்கும் ஐந்தாறு சின்னப் பிள்ளைகள் வரிசை. பயிற்சி கொடுக்கிற பெண் மைதானத்துக்குள் தடைக் கம்புகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இவளுடைய குதிரைக்கு வயிறு பருத்திருப்பதால் நிலத்திலிருந்து ஏறினால் சேணம் சரிகிறதாம்.

"அப்பா, ஐ நீட் சம்வன் ஒன் த அதர் சைட்."

"அம்மாவைக் கூப்பிடன்."

"அம்மா வேர்க்குக்குப் போயிட்டா. யூ நோ தட்."

"எனக்கு உதெல்லாம் தெரியாது, பிள்ளை."

அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். புத்தகம் மூடித்தான் கிடந்தது. பிறகு தமிழில் சொன்னாள். "இழுத்துப் பிடிச்சாக் காணும். வாங்கோ."

அக்கா, ஒரு குதிரைக்கு இவ்வளவு கிட்ட நான் போனதில்லை. நீங்கள் சொன்னவை எல்லாம் புத்தகத்தில் இருந்தன. அது சூடாக இருக்கும் என்று எந்த எழுத்தாளரும் எனக்குச் சொல்லவில்லை, அல்லது சொன்ன இடத்தை நான் வாசிக்கவில்லை. மழையில் அதன் மேலிலிருந்து ஆவி எழும்பியது. கண் பெரிதாக என்னையே பார்த்தது. வலப்பக்கமாகப் போய் நின்றேன். அங்கவடி தொங்கும் வாரைப் பிடித்து முழுப் பலத்தோடும் கீழே இழுத்தேன். என் பயம் வாரில் தெரிந்திருக்கும், வாரில் தெரிந்தது குதிரைக்கும் தெரிந்திருக்கும். மற்றப் பக்கத்தில் அவள் காலை வைத்து எழும்பியதும் அவளுடைய முழுப் பாரமும் என் கைக்கு வந்தது. ஒரு கணம். சேணம் அசையவில்லை. பிறகு பாரம் போய்விட்டது. அண்ணாந்து பார்த்தேன், மேலே இருந்தாள்.

"யூ கான் லெட் கோ நவ்" என்றாள். எனக்கு உடனே விடத் தெரியவில்லை.

அவள் தாண்டும்போது முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் பார்த்தேன். நான்கு. ஒவ்வொரு தடைக்கும் எண்ணினேன், நான்கும் எழும்பின, நான்கும் இறங்கின. ஆறாவது தடையில் ஒரு கம்பு விழுந்தது. அவள் விழவில்லை. நாடா ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் எழுத்தாளர்கள் யாரும் இப்படி ஒரு கடைசி அத்தியாயம் எழுதமாட்டார்கள். காரில் வரும்போது முழுவதும் அந்த ஒரு கம்பைப் பற்றியே கதைத்தாள். பாதி தமிழில். "பிறகு?" என்று நான் கேட்டேன். "பிறகு என்ன நடந்தது?"

மருத்துவமனையில் சொன்ன சொல்லை நான் திரும்ப எடுக்க வழியில்லை. மன்னிப்புக் கேட்டால் நீங்கள் மழை விட்டுவிட்டதா என்று கேட்பீர்கள். ஆகவே கேட்கவில்லை. உங்களோடு எனக்குள்ள கோபங்களும் குறையவில்லை, கடிதத்தைக் காட்டியிருக்கலாம் என்பதுதான் அவற்றில் பெரியது. கைகளை இரண்டு தரம் கழுவிவிட்டேன். வலது உள்ளங்கையில் வார் பதிந்த தடமும் உங்கள் கைப்பையின் வாசமும் இன்னும் இருக்கின்றன.

அடுத்த போட்டி மூன்று கிழமையில். தடைகள் இதைவிட உயரமாம். நான் இப்போதே நித்திரை கொள்ளமாட்டேன் என்று தெரிகிறது. ஆனால் மற்றப் பக்கத்தில் நிற்க ஆள் இருக்கிறது, அக்கா.